இலவச வக்கீல் தப்பாகச் சொல்லிவிட்டார், இனி என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டை கோர்ட்டில் பதினெட்டு வருடமாகத் தொழில் செய்கிறேன். அதில் ஆறு வருடம் சட்ட உதவிப் பட்டியலில், அதாவது இலவச வக்கீலாக இருந்தேன். கோர்ட் வராந்தாவிலும் புழல் சிறை வாசலில் மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கக் காத்திருக்கும் வரிசையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேட்க வருகிறவர்களில் பலருக்கு அதற்குள் நாள் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரே மனுவில் முடிந்திருக்கும் விஷயத்துக்கு உயர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வக்கீல் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், முதலில் வழக்கைச் சரிசெய்யுங்கள். புகாரைப் பிறகு எழுதலாம்.

இலவச வக்கீல் என்றால் அரசாங்கத்து ஆள்தானே? அவர் எப்படி எங்களுக்காகப் பேசுவார்?

இந்தச் சந்தேகம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. போலீஸ் தரப்பில் வாதாடுகிறவர் அரசு வக்கீல். உங்களுக்குக் கொடுக்கப்படுகிறவரை அனுப்புவது சட்டப் பணிகள் ஆணைக்குழு. அது நீதிபதிகள் நடத்தும் அமைப்பு. 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு இதற்கு அடிப்படை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் உங்கள் பிள்ளைக்கு வருமானச் சான்று கேட்டு உங்களை யாராவது தாலுகா ஆபீசுக்கு அலைய விட்டால் அது தவறு.

இதில் இரண்டு வகை வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒருவர் பட்டியல் வக்கீல். சொந்தத் தொழிலும் செய்துகொண்டு, ஆணைக்குழு கொடுக்கும் வழக்கையும் நடத்துகிறவர். இன்னொருவர் 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தின்படி முழுநேரமாக நியமிக்கப்பட்டவர். குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டும் வேலை பார்ப்பவர், வெளி வழக்கு எடுக்கக் கூடாது. உங்களுடையவர் எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழுநேர வக்கீலுக்கு மேலே தலைமை வக்கீல் ஒருவர் இருப்பார். பல சிக்கல்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னாலே தீர்ந்துவிடும்.

அவர் சொன்னது தப்பா, எங்களுக்குப் பிடிக்கவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

"இப்ப ஜாமீன் போட வேண்டாம், பத்து நாள் போகட்டும்" என்று வக்கீல் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் அது நல்ல ஆலோசனையாகவும் இருக்கலாம். காயம்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மனு போட்டால் தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம். அவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு போட்டால் நிலைமை வேறு.

நான் பார்க்கும் அடையாளம் இதுதான். "ஏன் சார்?" என்று கேட்டால் அவரிடம் காரணம் இருக்கிறதா? வழக்குக் கட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறாரா, அல்லது பெயரையே பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா? எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று கேட்டு அவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் சொன்ன எதையும் இன்னொருவரிடம் காட்டி உறுதிசெய்யாமல் செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம், அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, எந்தக் கோர்ட், அவர் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மனு எழுதும்போது இந்த நோட்டு இல்லாவிட்டால் "அவர் சரியாகப் பார்க்கவில்லை" என்ற ஒரு வரிக்கு மேல் நம்மிடம் எதுவும் இருக்காது.

"ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்றார். ஒத்துக்கொண்டோம். இப்போது வேலைக்குப் பிரச்சினை. என்ன வழி?

என் அனுபவத்தில் அதிகம் கேடு செய்தது இந்த ஒரு ஆலோசனைதான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

வியாசர்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன். இருபத்திரண்டு வயது. தெருமுனையில் நடந்த வாய்த்தகராறில் பக்கத்தில் நின்றதற்காக அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாக வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி). மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு வந்து சலித்துப்போயிருந்தான். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி" என்று வக்கீல் சொன்னார். நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்டார், "ஆமாம்" என்றான், பணம் கட்டினான், ரசீதை நான்காக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான். ஒரு வருடம் கழித்து வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவன் என்று வந்தது. அபராதம் சிறியது என்பதால் தண்டனை என்ற பெயர் மாறவில்லை. அந்த ரசீதை மடிப்பு அவிழ்க்காமலே என் மேஜை மேல் வைத்தான்.

நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் வாரம் முழுவதும் வற்புறுத்தியிருந்தாலும் கூண்டில் நின்று "இல்லைங்க ஐயா, நான் செய்யலை" என்று சொன்னால் வழக்கு விசாரணைக்குப் போகும். அதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது.

சொல்லிவிட்டீர்கள், தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால், அடுத்த நிமிடமே நடுவரிடம் சொல்லுங்கள்: "என்ன அர்த்தம்னு தெரியாம சொல்லிட்டேன் ஐயா." அன்றைக்கே எழுத்தில் மனுவும் கொடுக்க வேண்டும். ஒப்புதலை ஏற்றுத் தண்டிப்பதா, விசாரணை நடத்துவதா என்பது நடுவரின் கையில் இருக்கிறது.

தீர்ப்பே வந்துவிட்டது என்றால் பாதை குறுகல். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் அப்பீலில் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும்தான் கேட்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 416-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையே சரியில்லை என்றால், அதாவது குற்றச்சாட்டை விளக்கவில்லை, நீங்கள் சொன்ன வார்த்தைகளைப் பதிவு செய்யாமல் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள் என்றால், சீராய்வு மனு போடலாம். அதற்குக் கெடு 90 நாள். உயர் நீதிமன்றத்தை அதே சட்டத்தின் 528-வது பிரிவின் கீழ் அணுகும் வழியும் உண்டு. இதற்கெல்லாம் முதல் வேலை, அன்றைய கோர்ட் பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்கு நகல் பிரிவில் மனு போடுவது. அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் எந்த வக்கீலாலும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது.

"வாய்தாவுக்கு நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்றார். இப்போது வாரண்ட் வந்துவிட்டது.

வக்கீல் அன்று நீங்கள் வராததற்கு மனு போட்டிருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 317, இப்போது பி.என்.எஸ்.எஸ். 355. கோர்ட்டில் எல்லாரும் இன்னமும் "த்ரீ செவன்டீன்" என்றுதான் சொல்வார்கள். போடவில்லை, அல்லது போட்டும் நடுவர் ஏற்கவில்லை. அதனால் பிடிவாரண்ட்.

ஒளியாதீர்கள். "ஸ்டேஷன்ல இருந்து வந்தா பார்த்துக்கலாம்" என்று இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் வைத்துப் பிடித்து ரிமாண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜாமீனில் வெளியே வந்துவிட்டுக் காரணமில்லாமல் கோர்ட்டுக்கு வராமல் இருப்பது தனிக் குற்றமும்கூட. நியாய சன்ஹிதாவின் 269-வது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை உண்டு.

செய்ய வேண்டியது, நீங்களாகவே காலை பத்தரைக்குள் அந்தக் கோர்ட்டில் போய் நின்று வாரண்டை ரத்து செய்ய மனு கொடுப்பது. 72(2) மனு என்பார்கள், முன்பு 70(2). உங்கள் வக்கீல் போனை எடுக்கவில்லை என்றால் சட்ட உதவியில் அன்றைக்கு இருக்கும் வேறு வக்கீலைக் கேளுங்கள். மனுவில் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள்: இன்ன தேதிக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது, அதை நம்பி வரவில்லை. போனில் அந்த மெசேஜ் இருந்தால் பிரின்ட் எடுத்து இணையுங்கள். இல்லாத காய்ச்சலுக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்காதீர்கள். அது வேறொரு வழக்காகிவிடும். தானாக வந்து நிற்கிறவரின் மனுவையும், போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவரின் மனுவையும் நடுவர்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

இனிமேல் வாய்தா தேதியை வக்கீல் வாயிலாக மட்டும் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி வரும். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் போதும், பார்த்துச் சொல்லிவிடும்.

அறுபது நாளுக்கு மேல் உள்ளே இருக்கிறான். "சார்ஜ் ஷீட் வரட்டும், அப்புறம் ஜாமீன் போடலாம்" என்கிறார். சரியா?

பெரும்பாலும் மிகப் பெரிய தவறு. கைதாகி ரிமாண்ட் ஆன பிறகு, வழக்கின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே வந்துவிடுகிறது. பி.என்.எஸ்.எஸ். 187(3), பழைய 167(2). சில தனிச் சட்டங்களில் இந்தக் கெடு நீளும். ஆனால் இந்த உரிமையை நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும்.

இதில் சட்டத்தைத் தெளிவாக்கிய தீர்ப்பு ஒன்று நம் சென்னை வழக்கிலிருந்து பிறந்ததுதான். 2018-ல் பதிவான ஒரு போதைப்பொருள் வழக்கு, அதற்கு 180 நாள் கெடு. கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே ஜாமீன் மனு போட்டார்கள். அதே நாள் பிற்பகலில் விசாரணை அமைப்பு கூடுதல் புகாரை (இந்த வகை வழக்கில் அதுதான் குற்றப்பத்திரிகை மாதிரி) தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜாமீனைத் திரும்பக் கொடுத்தது. முதலில் மனு போட்டவரின் உரிமையை அதற்குப் பிறகு வந்த காகிதம் பறிக்க முடியாது என்று சொன்னது. சில மணி நேர முந்துதல்தான் அந்த மனிதரை வெளியே கொண்டுவந்தது. ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு 60-ம், 90-ம் நாளைக் குறித்து வையுங்கள்.

நாள் தவறிவிட்டது என்றால் சாதாரண ஜாமீன் மனு இருக்கிறது. ஒருமுறை தள்ளுபடியானாலும் நிலைமை மாறினால் மறுபடி போடலாம், செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று உத்தரவு போட்டிருக்கிறது. ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம்.

வக்கீலை மாற்ற முடியுமா? இலவசமாக வாங்கினோம், மாற்றிக் கேட்டால் மரியாதையாக இருக்குமா?

முடியும். இலவசம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆணைக்குழுவின் விதிமுறைக்கே இலவசமான, தகுதியான சட்ட சேவை என்றுதான் பெயர். வக்கீல்களின் வேலையைக் கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில், மாற்றுமுறைத் தீர்வு மையக் கட்டடத்தில் இருக்கிறது. மாநில ஆணைக்குழுவும் அதே வளாகம், வடகோட்டைச் சாலைப் பக்கம். மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். வர முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது. உள்ளே இருப்பவர் சிறையிலுள்ள சட்ட உதவி மையம் மூலமாகவே மனு கொடுக்கலாம்.

மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. நான் எழுதிக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்:

"பெறுநர்: செயலாளர், சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஐயா, என் மகனின் வழக்கு எண் இது, நடக்கும் கோர்ட் இது. இன்ன தேதியில் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். இன்ன தேதி வாய்தாவுக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னதால் வரவில்லை. அன்று பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டது. மூன்று முறை நேரில் சென்றும் அவரைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாய்தா இன்ன தேதி. அதற்கு முன் வேறு வழக்கறிஞரை நியமித்து, வழக்குக் கட்டை அவரிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டுகிறேன்."

திட்டு வேண்டாம், "பணக்காரனுக்கு ஒரு நீதியா" வேண்டாம். அடுத்த வாய்தா தேதி கட்டாயம் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவசரம் புரியும். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் வக்கீல் சொன்னதை எழுதுங்கள். சம்பவத்தைப் பற்றி நீங்கள் அவரிடம் சொன்னதை எழுதாதீர்கள். அது உங்களுக்கும் வக்கீலுக்கும் இடையே இரகசியமாக இருக்க வேண்டியது.

கட்டைத் தர மாட்டேன் என்று பழைய வக்கீல் பிடித்துவைத்தால், ஃபீஸ் பாக்கி இருந்தாலும்கூட வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. இலவச வழக்கில் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீதிபதியிடம் நாங்களே பேசலாமா? கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பேசலாம். பேச வேண்டும். ஆனால் எதைப் பேசுவது என்பதில் கவனம் வேண்டும். வழக்குக் கூப்பிட்டதும் கைகூப்பி, "ஐயா, எனக்குக் கொடுத்த வக்கீல் என்கிட்ட பேசவே இல்லை, வேற வக்கீல் வேணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அன்று என்ன நடந்தது, யார் முதலில் அடித்தது என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் அரசு வக்கீல் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

வக்கீல் இல்லாமல் விசாரணை நடத்தக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கடமை. 1986-ல் அருணாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில், இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு என்றே அந்த ஏழையிடம் சொல்லவில்லை என்பதற்காகத் தண்டனை ரத்தானது. 2019 டிசம்பரில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்று: வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனைந்து, விசாரணையை மளமளவென்று முடித்துத் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது தூக்கு வரக்கூடிய வழக்கில் சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராக சாதாரணமாக 7 நாளாவது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. கொலை வழக்கில் உங்களுக்கு நேற்றுத்தான் கறுப்புக் கோட்டு போட்டவரைக் கொடுத்திருந்தால் இதைச் சொல்லி மாற்றம் கேளுங்கள்.

வக்கீலோ குமாஸ்தாவோ "செலவுக்கு" பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். சட்ட உதவி வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் தேதி, தொகை, ஜிபே விவரத்தோடு செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

தண்டனையே கொடுத்துவிட்டார்கள். "அப்பீல் போட்டுப் பிரயோஜனமில்லை" என்கிறார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அப்பீலுக்கு இன்னொரு வக்கீல் இலவசமாகக் கிடைப்பார், உயர் நீதிமன்ற அப்பீலுக்கு உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். நடுவர் கோர்ட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், தூக்குத் தண்டனைக்கு மட்டும் 30 நாள். நகலுக்கு விண்ணப்பித்துக் கிடைக்கும் வரை ஆன நாட்களைக் கழித்துவிடுவார்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே, இலவசமாகத் தரப்பட வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 404. உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம், அது 424. அப்பீல் முடியும் வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்பது 430.

நாள் தாண்டிவிட்டதா? தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போடலாம். "வக்கீல் தேவையில்லை என்றார், அதை நம்பினேன்" என்பதை தேதிகளோடு சொன்னால் கோர்ட் கேட்கும். அந்த நோட்டுப் புத்தகம் இப்போதுதான் உதவப்போகிறது.

வக்கீல் சரியில்லை என்பதற்காகவே தீர்ப்பை ரத்து செய்வார்களா? அமெரிக்காவில் செய்கிறார்களாமே?

அமெரிக்காவில் அரசே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வக்கீலை பப்ளிக் டிஃபெண்டர் என்பார்கள். வசதியில்லாதவருக்கு வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1963-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொன்னது. 1984-ல், வக்கீலின் வேலை ஏற்க முடியாத அளவு மோசமாக இருந்தது, அந்தத் தவறு இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று இரண்டையும் காட்ட வேண்டும் என்றது. அங்கேயும் இது எளிதில்லை.

நம் நாட்டில் இப்படி ஒரு தனி விதி வகுத்து வைக்கவில்லை என்றாலும், பெயருக்கு வக்கீல் இருந்து உண்மையில் யாரும் வாதாடவில்லை என்று பதிவிலேயே தெரிந்தால் கோர்ட் தலையிடும். மேலே சொன்ன 2019 தீர்ப்பு அதற்கு உதாரணம். ஆனால் "பழைய வக்கீல் குறுக்கு விசாரணை சரியாகச் செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிச் சாட்சிகள் எல்லாரையும் திரும்ப அழைக்க முடியாது. டெல்லியில் 2014-ல் நடந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் புது வக்கீல் அப்படித்தான் கேட்டார். 2015-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவரை மறுபடி கூண்டில் ஏற்றுவது சாதாரண விஷயம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆகவே குறிப்பாகக் கேட்க வேண்டும்: இந்தச் சாட்சி, இந்த ஆவணம், இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, அதனால் இந்த உண்மை வெளிவரவில்லை. அப்படிக் கேட்டால் பி.என்.எஸ்.எஸ். 348-வது பிரிவில் சாட்சியைத் திரும்ப அழைக்க வழி இருக்கிறது. தீர்ப்புக்கு முன் கேட்பது நல்லது.

பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். எச்சரிக்கை, குறிப்பிட்ட காலத் தடை, பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. பணம் வாங்கினார், எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டார், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார் என்றால் தாராளமாகப் போங்கள். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சொன்னார் என்பது மட்டும் பொதுவாக ஒழுங்கீனம் ஆகாது. நுகர்வோர் கோர்ட் வழி அடைபட்டுவிட்டது, வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

குடும்ப வழக்கு, வாடகை வழக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வக்கீலை மாற்றுவது, புகார் எல்லாம் அதேதான். வக்கீல் போகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருந்தால் அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போடுங்கள். வக்கீலின் தவறுக்கு ஒன்றுமறியாத கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இரண்டு வருடம் வழக்கையே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இதைச் சொன்னால் எடுபடாது.

பேசாமல் நகையை அடகு வைத்து பிரைவேட் வக்கீல் வைத்துவிடலாமா, மேடம்?

இதைக் கேட்டவர் புழல் வாசலில் நின்றிருந்த ஒரு அம்மா. கையில் பிஸ்கட் பாக்கெட்டும் மாற்றுத் துணியும் இருந்த பை. கேட்டுக்கொண்டே காதில் இருந்த கம்மலைத் தொட்டுப் பார்த்தார்.

விருப்பப்பட்ட வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் காசு வாங்குகிறவர் எல்லாம் கட்டைப் படிப்பார் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த மிக மோசமான ஜாமீன் மனு, வட்டிக்கு வாங்கிய பணத்தில் வைத்த வக்கீல் போட்டது. நான் பார்த்த மிக நல்ல குறுக்கு விசாரணைகளில் சில, சட்ட உதவி வக்கீல்கள் செய்தவை. அந்த அம்மாவிடம், முதலில் மாற்றம் கேட்டு ஒரு மனு கொடுங்கள், ஒரு வாரம் பாருங்கள், அதற்குள் வாய்தா வந்தால் நீதிபதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்குப் பிறகும் நடக்கவில்லை என்றால் கம்மலைப் பற்றி யோசிக்கலாம் என்றேன். பையன் ரிமாண்ட் ஆன தேதி என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. உள்ளே போய் மனு பார்க்கும்போது அவனிடமே கேட்டுவரச் சொல்லி, அவர் கையில் ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தேன். வெளியே வந்ததும் நாள் எண்ணிப் பார்த்தோம். ஐம்பத்து மூன்றாவது நாள்.